அடிக்கட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள்

மரம் வெட்டுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம் என்று போன இதழில் நாலு வரி போட்டிருந்தோம். கடிதத்திலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் படமும் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி: மரம் நீளமாக விழுந்து கிடக்கிறது, பக்கத்தில் ஒருவர் அதன் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அதை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது அடிக்கட்டையின் படம். வாய் (மரம் விழ வேண்டிய பக்கம் முதலில் எடுக்கும் ஆப்பு வடிவ வெட்டு) எவ்வளவு ஆழம் எடுத்தீர்கள், பின்வெட்டு (அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுப்பது) நேராகப் போனதா, கீல் (இரண்டுக்கும் நடுவில் அறுக்காமல் விடும் கட்டை) விட்டீர்களா இல்லை மொத்தமாக அறுத்துத் தள்ளினீர்களா எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பதினாலு வயதில் அப்பாவின் இழுப்பு ரம்பத்தில் மறுமுனையைப் பிடித்தவன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் மிஷின் ரம்பம். இப்போது ஒன்பது வருஷமாகக் கீழ்ப்பழனி மலையிலும் கீழே சமவெளியிலும் சிறு விவசாயிகளுக்கு மரம் வெட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இடது முழங்காலில் பதினோரு தையல். அதன் கதை கீழே வருகிறது.

தாண்டிக்குடியில் மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கிறோம். மகள் படிப்புக்காக முப்பத்தைந்து சில்வர் ஓக் மரங்களை வெட்ட நினைக்கிறோம். இரண்டு வருஷம் முன்பு பத்து மரம் வெட்டியபோது நாற்பது காபிச் செடி ஒடிந்துவிட்டது. செடிக்குச் சேதம் இல்லாமல் வெட்ட வழி உண்டா? (வாசகி, தாண்டிக்குடி)

அம்மா, ஒரு செடிகூடப் போகாது என்று எவராவது சொன்னால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நாற்பதைப் பத்துக்குள் கொண்டுவரலாம். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

முதலில், முப்பத்தைந்தையும் ஒரே வருஷத்தில் வெட்டாதீர்கள். அரபிக்கா நிழலில் வளர்ந்த செடி. தலைக்கு மேல் திடீரென்று வெயில் இறங்கினால் இலை கருகுவது ஒரு பக்கம், காபித் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு வெயில் படும் செடியைத்தான் தேடி வரும் என்பது இன்னொரு பக்கம். மரத்தில் எடுத்த காசைச் செடியில் விடுவீர்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு என்று மூன்று வருஷமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பறிப்பு முடிந்த பிறகு, காபியைப் பூக்கவைக்கும் பூ மழைக்கு முன்னால், அந்த இடைவெளிதான் நேரம். அப்போது செடியில் பழமும் இல்லை, பூவும் இல்லை, தரையும் காய்ந்திருக்கும்.

அடுத்தது திசை. வெட்ட வருகிறவர் மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே தள்ளப் பார்ப்பார். மலைச்சரிவில் அது பெரும்பாலும் பள்ளத்துப் பக்கம். அப்படி விழும் மரம் சமதரையில் விழுவதைவிட அதிக தூரம் விழுகிறது, அதிக வேகத்தில் தரையைத் தொடுகிறது. தண்டும் ஒடியும், சறுக்கிக்கொண்டு போய்க் கீழ் வரிசையையும் வழித்துவிடும். சரிவுக்குக் குறுக்கே, கொஞ்சம் மேடு பார்த்து, இரண்டு காபி வரிசைக்கு நடுவில் படுக்கவைப்பதுதான் நல்லது.

இங்கேதான் கணக்கு வருகிறது. உங்கள் மரம் அறுபது அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அடியில் எடுக்கும் வாய் வெறும் 5 பாகை கோணம் தப்பினால் உச்சி 5 அடி தள்ளி விழும். உங்கள் செடிகளுக்கு இடையில் இருப்பதே 6 அடிதான். "அந்தப் பக்கம் தள்ளுப்பா" என்று கையைக் காட்டினால் போதாது. உச்சி விழ வேண்டிய இடத்தில் ஒரு முளைக்குச்சி நட்டு, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். வெட்டுகிறவர் வாய் எடுத்து முடித்ததும் ரம்பத்தை நிறுத்திவிட்டு, வாயின் உள்மூலை அந்தக் குச்சிக்கு நேர் குறுக்காக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். தப்பியிருந்தால் சீவிச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. பின்வெட்டு ஆரம்பித்த பிறகு இல்லை.

மிளகுக் கொடியும் காட்டுக் கொடியும் ஏறியிருக்கும் மரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கொடி பக்கத்து மரத்தோடு முடிச்சுப் போட்டிருந்தால், ஒன்று விழும்போது மற்றதன் கிளையையும் பிய்த்துக்கொண்டு வரும். சில நேரம் போக வேண்டிய திசையையே மாற்றிவிடும். மலேசியாவின் சபாவிலும் பிரேசிலின் பாரா மாநிலத்திலும் 1990-களில் சேதம் குறைத்து வெட்டக் கற்றுக்கொடுத்தபோது, ரம்பத்தை எடுப்பதற்குப் பல மாதம் முன்பே கொடிகளை அறுத்துக் காயவிடச் சொன்னார்கள். அங்கே நூற்றைம்பது அடி மரம், இங்கே அறுபது அடி. கொடி ஒன்றுதான். காட்டுக் கொடியை இந்தப் பறிப்பு தொடங்கும்போதே அறுத்துவிட்டால் வெட்டும் நேரத்துக்குக் காய்ந்து தொங்கும்.

மரத்தின் கொண்டையை, அதாவது மேலே கிளையும் இலையுமான பாகத்தை, முன்கூட்டியே கழித்துவிட்டால் செடிக்குப் பெரிய நிம்மதி. நிழல் கவாத்துக்கு ஏறுகிறவர்களை வைத்தே பக்கக் கிளைகளைக் கழிக்கலாம். இரண்டு விஷயம் மட்டும்: சில்வர் ஓக் கிளை சட்டென்று ஒடியும், அதை நம்பிக் கயிறு கட்டக்கூடாது, தண்டைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். ஒற்றைக்கால் ஏணியில் நின்றுகொண்டு மிஷின் ரம்பம் ஓட்டவே கூடாது. அரிவாளும் கைரம்பமும் போதும்.

போன முறை ஒடிந்த நாற்பதில் எத்தனை மரம் விழுந்து ஒடிந்தது, எத்தனை இழுத்து ஒடிந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா? நான் பார்த்த தோட்டங்களில் இழுப்பில் போவது குறைவே இல்லை. இருபது அடித் துண்டை மூன்று பேர் கயிறு கட்டி இழுத்தால் அது தன் இஷ்டத்துக்குத்தான் போகும். விழுந்த இடத்திலேயே தோளில் தூக்கும் அளவுக்குத் துண்டு போட்டு, ஒரே ஒரு தடம் போட்டு, எல்லாத் துண்டும் அந்தத் தடத்தில்தான் வெளியே போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நீளத்துண்டுக்கு வியாபாரி கூடுதல் விலை தருவதாக இருந்தால், அதையும் செடியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒடிந்த செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி விட்டுச் சாய்வாக, சுத்தமாக அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பூசண மருந்து) தடவுங்கள். துளிர் வரும். நல்லதாக ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

இன்னொன்று, மறக்கக்கூடாதது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி வாங்காமல் வெட்டக்கூடாது. வனச்சரக அலுவலகத்தில் உங்கள் ஊரையும் மர வகையையும் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

வரப்பில் நட்ட தேக்கு, இருபத்திரண்டு வயது. வாய்க்கால் பக்கம் சாய்ந்திருந்தது. பின்னாலிருந்து அறுத்துக்கொண்டிருக்கும்போதே படார் என்று நெட்டாகப் பிளந்து, பாதி மரம் தலைக்கு மேலே எழுந்தது. வெட்டியவர் மயிரிழையில் தப்பினார். மரத்தில் கோளாறா? (வாசகர், ஆலங்குடி)

மரத்தில் கோளாறு இல்லை தம்பி. நீங்கள் ஒருவர்தான் அடிக்கட்டைப் படம் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. அதில் வாய் என்று ஒன்று பெயருக்குக் கீறியிருக்கிறது. ஒன்றரை அங்குலம்கூட இருக்காது.

முன்பக்கம் நன்றாகச் சாய்ந்த மரம் நாண் ஏற்றிய வில் மாதிரி. பின்பக்க நார் முழுவதும் விறைத்து நிற்கிறது. நீங்கள் பின்னாலிருந்து அறுக்க அறுக்க மரம் விழத் துடிக்கிறது. ஆனால் முன்னால் வாய் சின்னது, மடங்க இடமில்லை; நடுவில் அறுபடாத கட்டை இன்னும் தடியாக இருக்கிறது, வளையவும் மாட்டேன் என்கிறது. அப்போது அது நாரோட்டத்திலேயே பிளந்துகொள்கிறது. பிளந்த பின்பாதி மேலே எழும்பிப் பின்னால் உதைக்கிறது. அங்கேதான் வெட்டுகிறவரின் முகம் இருக்கிறது.

எனக்கு முப்பத்தொன்றாவது வயதில் நடந்தது இதேதான். பெரியகுளம் பக்கம் ஒரு வாய்க்கால் கரை, இதே தேக்கு, இதே சாய்வு. லாரி வந்து நிற்கிறது, காண்டிராக்டர் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் நாலு மரம் பாக்கி. வாயை ஆழமாக எடுக்க எனக்குச் சோம்பல். பாதி அறுப்பில் ஒரு சத்தம், பெரிய கோரைப்பாயைக் கிழித்தால் வருமே அந்த மாதிரி. நான் பின்னால் சாய்ந்தது புத்தியால் இல்லை, கால் வழுக்கியதால். பிளவு மூக்குக்கு முன்னால் மேலே போனது. ரம்பம் கையிலிருந்து தெறித்து முழங்காலில் இறங்கியது. காண்டிராக்டரைத் திட்டி இத்தனை வருஷம் கதை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வாயை எடுத்தது என் கை.

இப்படிச் சாய்ந்த மரத்துக்குச் செய்ய வேண்டியது: வாயை நன்றாகத் திறந்து எடுங்கள். அடியில் குறுக்களவு 15 அங்குலம் என்றால் நாலு அங்குலம் ஆழம். அப்புறம் பின்னாலிருந்து அறுக்க ஆரம்பிக்காதீர்கள். பக்கவாட்டிலிருந்து ரம்பத்தின் நுனியைக் கட்டைக்குள் குத்திச் செலுத்துங்கள். முன்பக்கம் ஒன்றரை அங்குலம் கீல், பின்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் அறுக்காத கட்டை ஒரு பட்டையாக, இரண்டையும் விட்டு நடுவை மட்டும் அறுத்துவிடுங்கள். மரம் நகராது, அந்தப் பின்பட்டை பிடித்துக்கொண்டிருக்கும். நிதானமாகச் சுற்றிப் பார்த்து, ஆட்கள் விலகியாயிற்றா என்று கேட்டுவிட்டு, கடைசியில் வெளியிலிருந்து அந்தப் பட்டையை அறுத்தால் மரம் உடனே போய்விடும். பிளக்க அதற்கு அவகாசமே இல்லை.

குத்தும்போது நுனியின் கீழ்ப்பாதியால் ஆரம்பிக்க வேண்டும். மேல் கால்பகுதி கட்டையில் பட்டால் ரம்பம் துள்ளி உங்கள் முகத்துக்கே வரும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே செய்துபார்க்காதீர்கள். தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நட்டுவைத்த வெறும் கட்டையில் இருபது தடவை பழகிவிட்டு வாருங்கள்.

பயம்காட்டினால் கேட்காதவர்களுக்குக் காசுக் கணக்கு சொல்கிறேன். மரத்தின் கன அடியைச் சுற்றளவின் கால் பங்கை அதே கால் பங்கால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிப் போடுவார்கள். உங்கள் மரம் மாதிரி சுற்றளவு 48 அங்குலம் என்றால், அதில் கால் பங்கு 12 அங்குலம், அதாவது ஒரு அடி. அந்தக் கணக்கில் அடிமரத்தில் ஒவ்வொரு அடி நீளமும் ஒரு கன அடி. ஐந்து அடி பிளந்தால் ஐந்து கன அடி விறகாகிவிட்டது. அதுவும் மரத்திலேயே தடித்த, விலை உயர்ந்த பாகம். உங்கள் ஊரில் தேக்கு கன அடி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வெயிலில் தலைக்கவசம், கனத்த பேன்ட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியுமா? எழுதுகிறவர்களுக்கு என்ன! (வாசகர், விராலிமலை)

வியர்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன் அண்ணே. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு ரம்பத்தைக் கீழே வையுங்கள். மதியக் காற்று எழும்பிய பிறகு மரம் சொன்னபடி கேட்காது. ஆடி மாசத்தில் அம்மியே பறக்கும் என்கிறோம், அப்போது கொண்டை கனத்த மரத்தைத் தொட வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாதவர் முதலில் வாங்க வேண்டியது தலைக்கவசமும் கால் கவசமும். மரம் சாயும்போது மேலே ஒடிந்து தொங்கும் காய்ந்த கிளைதான் தலையில் இறங்கும். கால் கவசத்துக்குள் நீள நீளமான நூலிழைகள் அடைத்திருக்கும். சங்கிலி பட்டவுடன் அந்த நூல் சுற்றிக்கொண்டு ரம்பத்தையே நிறுத்திவிடும். எனக்கு அப்போது அது இருந்திருந்தால் பதினோரு தையல் இல்லை. காதுக்குப் பஞ்சாவது வையுங்கள் என்பார்கள். பஞ்சு போதாது, காதடைப்பான் வேண்டும். என் வீட்டில் டிவியின் சத்தத்தைக் கேட்டால் புரியும்.

எங்கள் உழவர் குழுவில் நாற்பது பேர். தேக்கும் மலைவேம்பும் வைத்திருக்கிறோம். மரம் வெட்டப் பயிற்சி நடத்த வேண்டும். ஒரு நாள் போதுமா? மண்டபம் ஏற்பாடு செய்யலாமா? (வாசகர், வேடசந்தூர்)

மண்டபம் வேண்டாம். தோப்பு வேண்டும். நாற்பது பேரும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு ரம்பத்துக்கு ஐந்து பேர், அதற்கு மேல் போனால் மீதிப் பேர் செல்போன் பார்ப்பார்கள்.

நான் இரண்டு நாள் கேட்பேன். முதல் நாள் ஒரு மரத்தையும் வெட்டுவதில்லை. இதைக் கேட்டாலே பாதிப் பேருக்கு முகம் சுருங்கும். காலையில் சங்கிலியை அரம் போட்டுத் தீட்டுவது. மொட்டை ரம்பத்தைத்தான் ஆட்கள் அழுத்தி ஓட்டுகிறார்கள், அழுத்தும்போதுதான் நழுவுகிறது. ரம்பத்தூளைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். மாவு மாதிரி இருந்தால் பல் மழுங்கிவிட்டது, அவல் மாதிரி செதில் செதிலாக விழுந்தால் சரி. அப்புறம் மூன்றடிக் குழியில் நட்ட கட்டைகளில் வாயும் பின்வெட்டும் பழகுவது. பிற்பகல் தோப்பைச் சுற்றி நடந்து மரம் பார்ப்பது: சாய்வு எந்தப் பக்கம், கொண்டையின் பாரம் எந்தப் பக்கம், உள்ளே பொந்து இருக்கிறதா, மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா, விழும்போது ஓட வழி எங்கே. ஓடும் வழி மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் இல்லை. பின்புறமாகச் சாய்வாக, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கல்லும் கொடியும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் ஆளுக்கு ஒரு மரம். வெட்டுகிறவரே குச்சி நட வேண்டும், மரம் அந்தக் குச்சியைத் தரைக்குள் அடிக்க வேண்டும். இது விளையாட்டு மாதிரி சூடு பிடிக்கும், பந்தயம்கூடக் கட்டுவார்கள். விழுந்ததும் எல்லோரும் மரத்தைப் பார்க்க ஓடுவார்கள். நான் அடிக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள்.

போன தையில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வகுப்பு. நாற்பது வருஷம் கோடாலி பிடித்த ஒரு பெரியவர், எழுபதை நெருங்கும் வயது, என்னைவிட அனுபவம். அவர் மரம் குச்சியிலிருந்து ஏழடி தள்ளி விழுந்தது. காற்று என்றார். இலை அசையவில்லை. நான் பேசாமல் அடிக்கட்டையைக் காட்டினேன். கீல் ஒரு முனையில் விரல் தடிமன், மறுமுனையில் நாலு விரல். தடித்த பக்கம் மரத்தைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டது. பெரியவர் குத்தவைத்து, விரலை அதன் மேல் வைத்து வைத்து அளந்தார். "அப்போ இத்தனை நாளும் காத்து இல்லையாடா" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை, அடுத்த மரத்துக்கு வாய் எடுத்துக்கொண்டிருந்தார்.

கீல் கணக்கு எளிது. தடிமன் அடிமரக் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக. பின்வெட்டு வாயின் மூலைக்கு ஒரு அங்குலம் மேலே. கீலை அறுத்துவிட்டால் கடிவாளம் அறுந்த மாட்டுவண்டி.

பின்வெட்டுக்குள் ஆப்பு அடித்து மரத்தைச் சாய்க்கவும் சொல்லிக்கொடுங்கள். கருவேலங்கட்டையில் செய்த ஆப்பு போதும். இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் சங்கிலி போச்சு. நம் ஆட்களுக்கு ஆப்பின் மேல் நம்பிக்கையே இல்லை, பத்துப் பேர் கயிறு பிடித்து இழுத்தால்தான் திருப்தி. கீலுக்கும் ஆப்புக்கும் நடுவில் ஒரு அடி இருந்து, ஆப்பு ஒரு அங்குலம் தூக்கினால், அறுபது அடி மரத்தின் உச்சி ஐந்து அடி நகரும். ஒரு ஆள், ஒரு சம்மட்டி. கயிறு இழுக்கும் பத்துப் பேரும் மரம் விழும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

கடைசியாக ஒன்று. பயிற்சிக்கு வெட்டுகிறவரை மட்டும் அனுப்பாதீர்கள், நிலத்துக்காரரும் வர வேண்டும், வீட்டுப் பெண்களும் வரட்டும். கூலி பேசுகிறவர் அவர்கள்தான். டன் கணக்கில் கூலி பேசினால் வெட்டுகிறவர் ஓடித்தான் ஆக வேண்டும், குச்சி நடவும் ஆப்பு அடிக்கவும் அவருக்கு யார் காசு தருவது? தோப்புக்குள் காபிச் செடியோ மிளகோ பக்கத்து வீட்டுக் கூரையோ இருந்தால் நாள் கூலி பேசுங்கள். அந்த இடத்தில் நான் கறார்.

2018 கஜா புயலில் எங்கள் பலா மரம் வேரோடு சாய்ந்தது. தண்டை அறுத்து எடுத்ததும் அடிக்கட்டை தானாக எழுந்து பழையபடி நின்றுவிட்டது! பேய் என்றார் பாட்டி. (வாசகி, பட்டுக்கோட்டை)

பாட்டி பயந்தது நியாயம். நவம்பர் 16 விடிந்தபோது உங்கள் பக்கம் எத்தனை மரம் அப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நானும் அந்த வாரம் வந்து இரண்டு மாசம் அறுத்தேன்.

மரம் சாயும்போது மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு ஒரு கதவு. தண்டின் பாரம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்டை அறுத்ததும் மண்ணின் பாரமும் அறுபடாத வேரின் இழுப்பும் சேர்ந்து கதவை மூடிவிடும். குழிக்குள் யாராவது நின்றிருந்தால் மூடியதுதான். அந்த நாட்களில் பிள்ளைகள் வேர்க்குழிக்குள் இறங்கி விளையாடுவதைப் பார்த்து நான் கத்தாத ஊரில்லை. முதலில் குழியில் ஆளில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும், தட்டைக் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும், அடியில் ஐந்தாறு அடித் தண்டை விட்டு அறுக்க வேண்டும்.

சாய்ந்து கிடக்கும் தண்டில் எந்தப் பக்கம் முதலில் அறுப்பது என்பதற்கு ஒரு முருங்கைக் குச்சியை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் விறைக்கும். நசுங்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதலில், பிறகு விறைத்த பக்கம். மாற்றிச் செய்தால் ஒன்று ரம்பம் சிக்கும், இல்லை தண்டு தெறிக்கும்.

வெட்டிய மரம் பக்கத்து மரக் கவையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? (வாசகர், பண்ருட்டி)

அதன் கீழே போகாதீர்கள். தாங்கி நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள். ஏறி மிதிக்காதீர்கள். மதியம் சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்று விட்டுவிட்டும் போகாதீர்கள். டிராக்டர் வின்ச்சோ நீளக் கயிறோ போட்டு அடியைப் பின்னோக்கி இழுங்கள். அதுவரை நாலு பக்கமும் கயிறு கட்டி ஒரு ஆளைக் காவல் வையுங்கள். ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தலைக்கு மேல் தொங்குவது தெரியாது.

தைல மரம் வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு (மறுபடி துளிர்த்து வளர்வது) சரியாக வரவில்லை. வெட்டியதில் தப்பா? (வாசகர், அறந்தாங்கி)

பட்டை கிழிந்திருக்கும். துளிர் பட்டைக்கு அடியிலிருந்துதான் வருகிறது, கோடாலியால் கொத்தினால் பட்டை கட்டையை விட்டுக் கழன்றுவிடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், தண்ணீர் வழிந்தோடும்படி லேசான சாய்வில், கூரான ரம்பத்தால் ஒரே வீச்சாக அறுங்கள். வெட்டிய கிளைகளைக் கட்டையின் மேல் குவிக்காதீர்கள். சவுக்குக்கும் இதையே கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். சவுக்கில் மறுதாம்பை எதிர்பார்க்க வேண்டாம், புதுக் கன்றுதான்.

மரம் நடுங்கள் என்று அரசே பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நடத்துகிறது. நீங்கள் வெட்டக் கற்றுக்கொடுக்கிறீர்கள். மனசாட்சி உறுத்தவில்லையா? (வாசகர், திண்டுக்கல்)

2022-ல் ஆரம்பித்த அந்த இயக்கத்தில் என் வீட்டுப் பின்னாலும் கன்று நட்டிருக்கிறேன். விவசாயி தன் நிலத்தில் நட்ட தேக்கை ஒரு நாள் வெட்டத்தான் போகிறார், நெல்லை அறுக்கிற மாதிரி. வெட்டி ஒழுங்கான காசு கைக்கு வந்தால்தான் மறுபடி நடுவார். ஐந்து கன அடி பிளந்து, நாற்பது காபிச் செடி போய், வெட்ட வந்தவருக்கு ஆஸ்பத்திரிச் செலவும் கொடுத்தவர் அந்த இடத்தில் அடுத்த கன்று நடுவாரா என்று நீங்களே போய்க் கேளுங்கள். உறுத்துவது எனக்கு வேறு இடத்தில். நான் கற்றுக்கொள்வதற்கு முன் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் சில இன்னும் கும்பக்கரைப் பாதையில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் பார்க்காமல் நடப்பேன்.

மாமா, நான் எட்டாம் வகுப்பு. அப்பா மரம் வெட்டும்போது என்னைப் பக்கத்திலேயே விடுவதில்லை. எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் பார்க்கலாம்? (வாசகி, போடி)

மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம், கண்ணு. அப்பாவோடு கூட இருக்கும் பெரியவர்களுக்கும் அதே கணக்குதான், வயசு வித்தியாசம் இல்லை. உயரத்தை எப்படி அளப்பது என்று சொல்கிறேன், ஒரு குச்சி இருந்தால் போதும்.

கையை நேராக நீட்டு. உன் கண்ணிலிருந்து உன் முஷ்டி வரை எவ்வளவு நீளமோ, முஷ்டிக்கு மேலே குச்சியும் அதே நீளம் இருக்க வேண்டும். குச்சியை நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நட. முஷ்டி மரத்தின் அடியையும், குச்சியின் நுனி மரத்தின் உச்சியையும் ஒன்றாகத் தொடுவது போலத் தெரிகிற இடத்தில் நில். அங்கிருந்து மரம் வரை அடியெடுத்து அளந்தால் அதுதான் உயரம். சமதரையில்தான் இது சரியாக வரும். வெட்டுகிற நாளில் இல்லை, அதற்கு முந்தைய நாளே செய்துவிடு.

அளப்பதற்கு முன்னால் அப்பாவிடம் மரம் எத்தனை அடி என்று கண்ணாலேயே சொல்லச் சொல். அவர் சொன்னது எவ்வளவு, உன் குச்சி சொன்னது எவ்வளவு என்று இரண்டையும் எழுதி அனுப்பு.